முதலில் சேனல் அட்டவணை, அப்புறம்தான் லேப்வியூவா பைத்தானா

சென்சார்களின் அளவுகளைக் கணினியில் பதிவு செய்யும் அளவீட்டுத் திட்டம் என்று பேச்சு எடுத்தாலே முதல் கூட்டத்தில் யாராவது கேட்டுவிடுகிறார்கள்: லேப்வியூவில் (படம் வரைந்து நிரல் எழுதும் அளவீட்டு மென்பொருள்) செய்யலாமா, பைத்தானில் (பொதுவான நிரல் மொழி) செய்யலாமா? கேள்வி நல்லதுதான், கேட்கிற நேரம்தான் சரியில்லை. அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எதை, எவ்வளவு துல்லியமாக, எவ்வளவு வேகத்தில் அளக்கப் போகிறோம்? மூன்று ஆண்டு கழித்து ஒரு சென்சாரை மாற்றும்போது இந்த நிரலைத் திறந்து திருத்தப் போவது யார்? இவை இரண்டுக்கும் எழுத்தில் விடை இருந்தால் மென்பொருள் தேர்வு பாதிக்கு மேல் முடிந்தது. வெளியிலிருந்து கான்ட்ராக்டரை எடுப்பதும் இதே விடைகளை வைத்துத்தான்.

அட்டவணை

ஒரு சேனலுக்கு, அதாவது அளக்கும் ஒவ்வொரு சிக்னலுக்கும், ஒரு வரி. சென்சாரின் வகை, அளக்க வேண்டிய வரம்பு, டெர்மினலில் உண்மையில் வந்து சேரும் மின்னழுத்தம் அல்லது மின்னோட்டம், ஏற்கத்தக்க பிழை, சிக்னல் எவ்வளவு வேகமாக மாறும், சாம்பிள் வேகம் (வினாடிக்கு எத்தனை முறை அளவெடுப்பது), கேபிள் நீளம், சென்சார் பக்கம் எர்த் ஆகியிருக்கிறதா இல்லையா. பலரும் விட்டுவிடுவது இதில் மூன்றாவதையும் கடைசியையும். பின்னால் வரும் சிக்கல்களில் பெரும்பகுதி அந்த இரண்டு கட்டங்கள் காலியாக இருப்பதால் வருபவை.

வெப்பநிலையைச் சிறு மின்னழுத்தமாக மாற்றும் சென்சாரான கே வகைத் தெர்மோகப்பிளை எடுத்துக்கொள்ளுங்கள். டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் தரும். கையில் இருப்பது ±10 வோல்ட் வரம்புள்ள 16 பிட் கார்டு (சிக்னலை எண்ணாக மாற்றிக் கணினிக்குத் தருவது). 20 வோல்ட்டை 65,536 படிகளாகப் பிரித்தால் ஒரு படி 305 மைக்ரோவோல்ட். அதாவது திரையில் வெப்பநிலை 7.4 டிகிரி தாவித் தாவித்தான் நகரும். எந்த மென்பொருளும் இதைச் சரிசெய்யாது. அதே 16 பிட்டில் ±80 மில்லிவோல்ட் வரம்பு கொண்ட கார்டு என்றால் ஒரு படி 0.06 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆனால் அந்த 0.06-ஐப் பார்த்து மயங்க வேண்டாம். கே வகைக் கம்பியின் சாதாரணத் தரத்துக்கு அனுமதிக்கப்பட்ட பிழையே ±2.2 டிகிரி. அதற்கு மேல் கோல்டு ஜங்ஷன் (கம்பி கார்டில் சேரும் முனை) பிழையும் சேரும். 0.1 டிகிரி வேண்டும் என்று எழுதிவிட்டுத் தெர்மோகப்பிள் வாங்கினால் அட்டவணையே முரண்பாடு. அங்கே பிடி100 (வெப்பத்துக்கேற்ப எதிர்ப்பு மாறும் பிளாட்டினம் சென்சார்) போட வேண்டும், அதுவும் நான்கு கம்பி இணைப்பில். இரண்டு கம்பியில் இணைத்தால் கம்பியின் எதிர்ப்பும் அளவோடு சேரும். பிடி100 டிகிரிக்கு 0.385 ஓம் தான் மாறும் என்பதால், கம்பியில் மொத்தம் 1 ஓம் இருந்தாலே 2.6 டிகிரி கூடுதலாகக் காட்டும்.

பொருள் நீள்வதையும் சுருங்குவதையும் எதிர்ப்பின் மாற்றமாக அளக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜும் இதே கதைதான். கேஜ் ஃபேக்டர் 2, கால் பிரிட்ஜ் (நான்கு எதிர்ப்புகள் கொண்ட சுற்றில் ஒன்று மட்டும் கேஜ்), 1000 மைக்ரோஸ்ட்ரெய்ன். இதற்குக் கிடைப்பது வோல்ட்டுக்கு 0.5 மில்லிவோல்ட். 5 வோல்ட் கொடுத்தால் முழு சிக்னலே 2.5 மில்லிவோல்ட். இதைப் பொதுவான அனலாக் கார்டில் நேரடியாகக் கொண்டுபோய்ச் செருகிவிட்டு "சாஃப்ட்வேரில் நாய்ஸ் ஃபில்டர் போடுங்கள்" என்று கான்ட்ராக்டரிடம் கேட்பது வீண். பிரிட்ஜ் கார்டு வாங்குவதுதான் மலிவான வழி.

சாம்பிள் வேகத்தில் வேறொரு பொறி இருக்கிறது. வெப்பநிலை மெதுவாகத்தானே மாறும், வினாடிக்கு 10 சாம்பிள் போதும் என்று முடிவெடுப்பார்கள். மின்வழங்கலின் இரைச்சல் சிக்னலில் ஏறியிருக்கும், அதன் அதிர்வெண் அந்த நேரம் 50.1 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 10 சாம்பிளில் அது 0.1 ஹெர்ட்ஸ் அலையாக மடங்கித் தெரியும். 10 வினாடிக்கு ஒருமுறை அழகாக ஏறி இறங்கும். பார்ப்பவர் உலை அப்படித்தான் ஊசலாடுகிறது என்று நம்பி ஹீட்டர் கட்டுப்பாட்டை நோண்ட ஆரம்பிப்பார். வேகமாகச் சாம்பிள் எடுத்து 100 மில்லிவினாடிக்குச் சராசரி போட்டால் இந்த அலை பெருமளவு அடங்கிவிடும். 100 மில்லிவினாடியில் 50 ஹெர்ட்ஸுக்கு 5 முழுச் சுற்று, 60 ஹெர்ட்ஸுக்கு 6 முழுச் சுற்று. இரண்டுக்கும் பொருந்துகிற ஜன்னல் அது.

எர்த் கட்டம் ஏன் முக்கியம் என்றால், சென்சாரும் கார்டும் தனித்தனியே எர்த் ஆகியிருந்தால் இரண்டுக்கும் இடையே ஓடும் மின்னோட்டம் சிக்னலில் ஏறிவிடும். டிஃபரென்ஷியல் இணைப்பு (இரு கம்பிகளுக்கு இடையிலான வித்தியாசத்தை அளப்பது) அல்லது ஐசோலேட்டட் (மின்தொடர்பு பிரிக்கப்பட்ட) கார்டு வேண்டும். சென்சார் எங்கும் எர்த் ஆகாமல் மிதந்தால் அதற்கு நேரெதிரான சிக்கல்: டிஃபரென்ஷியல் உள்ளீடு மெல்ல நகர்ந்து வரம்பின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். மைனஸ் முனையிலிருந்து அனலாக் கிரவுண்டுக்கு 10 முதல் 100 கிலோஓம் வரை ஒரு ரெசிஸ்டர் போட்டால் நிற்கும்.

சேனல்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி மாற்றி அளக்கும் மல்டிபிளெக்ஸ் கார்டில் ஒரு சேனலின் மதிப்பு பக்கத்துச் சேனலில் பேயாகத் தெரிந்தால், சென்சாரின் வெளியீட்டு எதிர்ப்பு அதிகம் என்று பொருள். 1 கிலோஓமுக்கு மேல் போனால் பஃபர் போடுங்கள், இல்லையென்றால் ஸ்கேன் வேகத்தைக் குறையுங்கள்.

அட்டவணையின் அடியில் தரவின் அளவையும் ஒரு கணக்குப் போட்டு எழுதிவிடுங்கள். 8 சேனல், வினாடிக்கு 50,000 சாம்பிள், சாம்பிளுக்கு 2 பைட். வினாடிக்கு 800 கிலோபைட், நாளுக்கு 69 ஜிகாபைட். அதையே 8 பைட் தசம எண்ணாகச் சேமித்தால் 276 ஜிகாபைட். சிஎஸ்வி ஆக்கினால் அதைவிடவும் பெருகும். எக்செலில் திறந்து பார்த்துக்கொள்கிறோம் என்பவர்களுக்கு ஒரு தகவல்: எக்செல் தாளில் 1,048,576 வரிகள்தான். வினாடிக்கு 1000 சாம்பிள் என்றால் பதினேழரை நிமிடத்தில் தாள் நிரம்பிவிடும்.

இனி மென்பொருள்

முதலில் கேட்க வேண்டியது, எழுதத்தான் வேண்டுமா என்று. ஒரே ஒரு சோதனை, சில சேனல்கள், பதிவு செய்தால் போதும், வேறெந்தக் கட்டுப்பாடும் இல்லை என்றால் கார்டு தயாரிப்பாளரே தரும் லாகர் மென்பொருளோ, தனியாக நிற்கும் டேட்டா லாகர் பெட்டியோ போதும். இதைச் சொல்கிற கான்ட்ராக்டர் கிடைத்தால் விடாதீர்கள். தன் வேலையைத் தானே குறைத்துச் சொல்பவர் அவர்.

எழுதத்தான் வேண்டும் என்றால், ஹார்டுவேரை வாங்கும் முன் டிரைவரைப் பாருங்கள். எஸ்சிபிஐ (அளவுக் கருவிகளுக்கான பொதுக் கட்டளை மொழி) புரியும் கருவி, லேன் அல்லது யூஎஸ்பிடிஎம்சி (அளவுக் கருவிகளுக்கான யூஎஸ்பி முறை) இணைப்பு என்றால் எந்த மொழியிலும் பேசலாம். கருவிகளோடு பேச உதவும் விசா நூலகம் எல்லாப் பக்கமும் இருக்கிறது, பைத்தானில் பைவிசா. ஆனால் சில கருவிகளுக்குத் தயாரிப்பாளர் தருவது ஒரே ஒரு 32 பிட் டிஎல்எல் (விண்டோஸ் நிரல் நூலகக்) கோப்பு. 64 பிட் பைத்தானோ 64 பிட் லேப்வியூவோ அதை ஏற்றவே ஏற்றாது. அந்த ஒரு கோப்புக்காக மொத்த நிரலையும் 32 பிட்டில் கட்ட வேண்டியிருக்கும், அல்லது அதற்கென்று தனி நிரல் ஒன்று பின்னணியில் ஓட வேண்டும். விலைப்பட்டியல் கேட்கும்போதே, எந்த இயங்குதளம், எத்தனை பிட், எந்தப் பதிப்பு வரை டிரைவர் உண்டு என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

லேப்வியூ 1986-இல் மேகின்டாஷுக்கு வந்த மென்பொருள். இன்றும் அதன் பலம் மாறவில்லை. நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (என்ஐ) கார்டுகளோடு ஒட்டிப் பிறந்தது போல வேலை செய்யும், வரைபடமும் பொத்தானும் உள்ள திரை ஒரு மணி நேரத்தில் தயார், இணையாக ஓடும் லூப்புகளை எழுதுவது இயல்பாக வரும், ரியல் டைம் (நேரம் தவறாத) கட்டுப்படுத்திக்கும் எஃப்பிஜிஏவுக்கும் (உள்சுற்றையே நிரலால் அமைக்கும் சிப்) அதே மொழி. பலவீனமும் ஊரறிந்தது. நிரல் பைனரி கோப்பு என்பதால் கிட் (Git) போன்ற நிரல் பதிப்புப் பதிவுக் கருவிகளில் வழக்கமான முறையில் என்ன மாறியது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியாது, அதற்கென்று தனிக் கருவி வேண்டும். புதிய பதிப்பில் சேமித்த விஐ (லேப்வியூ நிரல் கோப்பு) பழைய பதிப்பில் திறக்காது. எழுதுபவர் ஒவ்வொருவருக்கும் உரிமம் வேண்டும். கட்டி முடித்த நிரலை ஓட்டுகிற கணினிக்கு ரன்டைம் எஞ்சின் போதும், ஆனால் அதன் பதிப்பு பொருந்த வேண்டும்.

பைத்தானுக்கு உரிமச் செலவு இல்லை, ஆள் கிடைப்பது எளிது, பகுப்பாய்வு நூலகங்கள் ஏராளம், என்ஐ கார்டுகளுக்கும் அதிகாரபூர்வமான நூலகம் இருக்கிறது. திரைதான் அதன் வலி. அளவீடு இரண்டு நாளில் முடியும், பைக்யூடி என்ற திரை நூலகத்தில் திரையைச் செதுக்கப் பத்து நாள் போகும். கணக்குப் போடும்போது இதை மறந்துவிடுவார்கள். இன்னொன்று, நூலகப் பதிப்புகளைப் பூட்டி வைக்காவிட்டால், அடுத்த ஆண்டு புதிய கணினியில் நிறுவும்போது ஏதோ ஒரு நூலகம் மாறிப்போய் நிரல் எழுந்திருக்காது.

மேட்லேப் பகுப்பாய்வுக்கு அருமை. நாள் முழுக்க ஆபரேட்டர் கையில் ஓடும் நிரலுக்கு அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். உற்பத்தி வரிசையில் பொருள் ஒவ்வொன்றையும் சோதித்து பாஸ் ஃபெயில் சொல்லும் வேலை என்றால் சி ஷார்ப் உறுதியாக நிற்கும். சோதனைப் படிகளை வரிசைப்படுத்த டெஸ்ட்ஸ்டாண்ட், ஓப்பன்டாப் போன்றவை தயாராக இருக்கும்போது அந்த வரிசைப்படுத்தியை நீங்களே எழுத முனையாதீர்கள்.

எதை எடுத்தாலும் ஒரு எல்லை பொது. சாதாரண விண்டோஸ் நேரம் காக்காது. அதன் வழக்கமான டைமர் துடிப்பு 15.6 மில்லிவினாடி. ஒரு மில்லிவினாடிக்கு ஒருமுறை சுற்றி வர வேண்டிய கட்டுப்பாட்டு லூப்பை அதில் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சாம்பிள் நேரத்தைக் கார்டின் கடிகாரம் பார்த்துக்கொள்ளட்டும், லூப்பை மைக்ரோகன்ட்ரோலரோ ரியல் டைம் கட்டுப்படுத்தியோ பார்த்துக்கொள்ளட்டும், கணினி தொகுதி தொகுதியாக வாங்கிச் சேமிக்கட்டும். அவசர நிறுத்தம் எந்த மென்பொருள் வழியாகவும் போகக் கூடாது. அது கம்பியும் ரிலேயுமாக நேராக மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும்.

தொகுதியாக வாங்குவதிலும் தவறு நடக்கும். என்ஐ கார்டில் மைனஸ் 200279 என்ற பிழை எண் வந்தால், நிரல் எடுத்துக்கொள்ளும் முன்பே பழைய சாம்பிள்களின் மேல் புதியவை எழுதப்பட்டுவிட்டன என்று பொருள். உடனே பஃபரை (சாம்பிள்கள் காத்திருக்கும் நினைவகத்தை) பத்து மடங்காக்குவார்கள். பிழை மறைந்துவிட்டது போலத் தெரியும், ஆனால் சராசரியாகவே நிரல் மெதுவென்றால் பத்து நிமிடத்தில் வந்த பிழை நூறாவது நிமிடத்தில் வரும், அவ்வளவுதான். படிக்கும் லூப்பில் படிப்பதைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. வட்டில் எழுதுவதும் வரைபடம் தீட்டுவதும் க்யூ (வரிசை) வழியாக வேறு லூப்புக்குப் போக வேண்டும். வினாடிக்குப் பத்து முறை, ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்கு வினாடியின் சாம்பிள்கள் என்று எடுப்பது நல்ல தொடக்கம்.

இரண்டு யூஎஸ்பி கார்டுகளைத் தனித்தனிக் கடிகாரத்தில் ஓட்டிவிட்டு, சேனல்கள் ஒன்றோடொன்று நேரத்தில் பொருந்தும் என்று நினைப்பது இன்னொரு வழக்கமான பிழை. கடிகாரத்தை ஓட்டும் ஒரு கிரிஸ்டலின் பிழை 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) என்றால் நாளுக்கு 4.3 வினாடி விலகும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் விலகினால் அதன் இரு மடங்கு. பொதுக் கடிகாரம் பகிரும் சேஸி (கார்டுகளைச் செருகும் பெட்டி) வேண்டும், அல்லது இரண்டுக்கும் ஒரே பல்ஸை ஒரு சேனலில் கொடுத்துப் பின்னர் பொருத்த வேண்டும்.

சீரியல் கருவிகளில் நேரம் தின்பவை சின்னச் சின்ன விஷயங்கள். எஃப்டிடிஐ சிப் உள்ள யூஎஸ்பி சீரியல் கேபிளில் லேட்டன்சி டைமர் 16 மில்லிவினாடியில் வரும். குட்டிக் குட்டிக் கேள்வி பதிலாகப் பேசும் கருவிக்கு அதை 1 ஆக்கினால் வேகம் பல மடங்கு கூடும். மோட்பஸ் (தொழிற்சாலைக் கருவிகளின் தகவல் நெறிமுறை) கருவியின் கையேட்டில் 40001 என்றிருப்பது கம்பியில் 0-ஆம் முகவரி. ஒன்று தள்ளிப் படித்தால் பக்கத்து ரெஜிஸ்டரின் மதிப்பு வரும், அதுவும் நம்பும்படியான எண்ணாக இருந்தால் வாரக்கணக்கில் யாரும் கவனிக்க மாட்டார்கள். 32 பிட் தசம எண் இரண்டு ரெஜிஸ்டரில் வரும்போது எது முன்னால் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். தெரிந்த மதிப்பு ஒன்றைக் கொடுத்துப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். நீண்ட ஆர்எஸ்-485 கேபிளின் இரு முனையிலும் 120 ஓம், நடுவில் எங்கும் இல்லை.

சேமிப்பைப் பற்றி ஒரே கருத்து: சென்சாரிலிருந்து வந்த மூல மதிப்பைத் தொடாமல் எழுதுங்கள், அளவுத் திருத்த எண்களை அதே கோப்பில் தனியாக எழுதுங்கள். திருத்த எண்ணை நிரலுக்குள் புதைத்து, திருத்திய மதிப்பை மட்டும் சேமித்தால், திருத்தம் தவறு என்று தெரிய வரும் நாளில் ஆறு மாதத் தரவும் சந்தேகத்துக்குரியதாகிவிடும். எச்டிஎஃப்5 நல்ல கோப்பு வடிவம், ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு திறக்காமலே போகலாம். மணிக்கு ஒரு கோப்பாக மாற்றுங்கள், இடையிடையே ஃப்ளஷ் செய்யுங்கள் (நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதிவிடுங்கள்). என்ஐயின் டிடிஎம்எஸ் வடிவத்தில் ஒரு சாம்பிள், ஒரு சாம்பிளாக எழுதினால் கோப்பு துண்டு துண்டாகித் திறக்கவே நிமிடங்கள் ஆகும். நேரமுத்திரை யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கட்டும். கோடைக்கால நேரம் மாற்றும் இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் இரண்டு தடவை வருகிறது.

ஆளைத் தேடுவது

ஒரு அளவீட்டுத் திட்டத்தில் மூன்று வேலைகள் ஒளிந்திருக்கின்றன. சென்சாரிலிருந்து கார்டு வரை அனலாக் வேலை, போர்டில் ஓடும் ஃபர்ம்வேர், கணினியில் ஓடும் நிரல். மூன்றையும் நன்றாகச் செய்யும் ஒருவர் அபூர்வம். மூன்றும் தெரியும் என்று சொல்பவர் அபூர்வமில்லை. எது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, எதற்கு வெளியாள் வேண்டும் என்று முதலில் பிரித்துவிடுங்கள்.

சான்றிதழ்களைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். லேப்வியூவில் சிஎல்ஏடி என்பது வினாத்தாளில் விடையைத் தேர்ந்தெடுக்கும் தொடக்கநிலைத் தேர்வு. சிஎல்டி என்பது உட்கார்ந்து நிரல் எழுதிக் காட்டும் தேர்வு. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இரண்டுமே சிக்னல் தெரியுமா என்பதைச் சொல்லாது.

சிக்னல் தெரியுமா என்று பார்க்க எளிய வழி, உங்கள் சேனல் அட்டவணையை அனுப்புவது, அதில் வேண்டுமென்றே ஒரு தப்பை விட்டுவைத்து. 30 மீட்டர் கேபிளில் இரண்டு கம்பி பிடி100, ஏற்கத்தக்க பிழை 0.2 டிகிரி என்று ஒரு வரி. நல்லவர் அதைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பார். மற்றவர் அன்று மாலையே மொத்தத் தொகையை எழுதி அனுப்பிவிடுவார். கேள்வியே இல்லாமல் வரும் விலைப்புள்ளி, அது எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஓரமாக வைக்க வேண்டியது.

பேசும்போது கேட்க இன்னும் இரண்டு. பதிவு நடந்துகொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் உங்கள் நிரல் என்ன செய்யும்? பிழை அடித்து நிற்கும் என்பது பாதி விடை. எதுவரை உள்ள தரவு வட்டில் பத்திரமாக இருக்கும், ஆபரேட்டர் எதைப் பார்ப்பார், மீண்டும் செருகினால் என்ன ஆகும் என்பது வரை போனால் முழு விடை. இரண்டாவது, வன்பொருள் வரும் முன் எப்படி வேலை செய்வீர்கள்? என்ஐ மென்பொருளில் போலிக் கார்டு உருவாக்கிக்கொள்ளலாம், எஸ்சிபிஐ கருவிக்கும் போலி செய்யலாம். கார்டு வரட்டும், பிறகு தொடங்குகிறேன் என்பவர் டெலிவரி தாமதம் முழுவதையும் உங்கள் தலையில் வைத்துவிடுவார்.

பழைய நிரல் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். பிறருடைய ரகசியம் என்றால் சிறிய துண்டு போதும். லேப்வியூ என்றால் படம் ஒரு திரைக்குள் அடங்குகிறதா, நாலு திரை தள்ளிப் போகிறதா? பிழைக் கம்பி (பிழைச் செய்தியைக் கடத்தும் கோடு) எல்லா இடத்திலும் இணைந்திருக்கிறதா? லோக்கல் வேரியபிள் கொட்டிக் கிடக்கிறதா? பைத்தான் என்றால் எல்லாப் பிழையையும் பிடித்து விழுங்கிவிட்டுப் பேசாமல் தொடரும் வரி இருக்கிறதா என்று தேடுங்கள். கருவிக்குக் கட்டளை அனுப்பிவிட்டு இரண்டு வினாடி தூங்க வைப்பதும் ஒரு அறிகுறி. வேலை முடிந்ததா என்று கருவியிடமே கேட்க "ஸ்டார் ஓபிசி" கேள்வி இருக்கிறது. அது தெரியாதவர் கையேட்டைப் புரட்டாதவர்.

பிறகு காசு கொடுத்து ஒரு சின்ன வேலை. இரண்டு மூன்று நாள் அளவு: ஒரு கருவி, ஒரு சேனல், கோப்பில் பதிவு, கேபிளைப் பிடுங்கினால் மீள வேண்டும். இலவசமாகச் செய்து காட்டச் சொல்லாதீர்கள். நல்லவர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

ஒப்பந்தம்

மொத்தத் தொகையா, மணிக்கணக்கா? ஒன்றே எல்லாவற்றுக்கும் பொருந்தாது. தேவையை எழுதும் கட்டம் மணிக்கணக்கில், நிரலைக் கட்டுவது மொத்தத் தொகையில், இடத்தில் வந்து ஓடவைப்பது மறுபடி மணிக்கணக்கில் என்று பிரிப்பது இரு தரப்புக்கும் நியாயம். கடைசிக் கட்டத்தில் தாமதம் யாரால் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. இயந்திரம் தயாராக இல்லை, கம்பி மாறி இணைந்திருக்கிறது, வலையமைப்பில் போர்ட் அடைத்திருக்கிறது. இதையும் மொத்தத் தொகையில் சேர்க்கச் சொன்னால், கான்ட்ராக்டர் அச்சத்துக்கும் சேர்த்து விலை போடுவார், அல்லது அரைகுறையாக முடித்துவிட்டுக் கிளம்புவார். அந்தக் கட்டத்துக்கு, எழுதும் நேரத்தில் பாதியாவது ஒதுக்குங்கள்.

பணத்தைப் பிரிக்க எனக்குச் சரியாகப் படும் அளவு: தேவை ஆவணம் முடிந்ததும் 20 சதவீதம், போலிக் கார்டில் ஓடிக் காட்டியதும் 30, இடத்தில் ஏற்புச் சோதனை தேறியதும் 30, ஒரு மாதம் தடையில்லாமல் ஓடிய பிறகு 20. கடைசி 20 இல்லாத ஒப்பந்தத்தில் மூன்றாவது வாரம் வரும் பிழைக்கு யாரும் தொலைபேசி எடுப்பதில்லை.

மூல நிரல் உங்களுக்கே என்று எழுதினால் மட்டும் போதாது. லேப்வியூவில் விஐக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டலாம், வரைபடத்தையே நீக்கிவிட்டும் கொடுக்கலாம். அப்படி எதுவும் இருக்கக் கூடாது என்று தனியாக எழுதுங்கள். கான்ட்ராக்டரின் சொந்த நூலகம் உள்ளே இருந்தால், அது அவருடையதாகவே இருக்கட்டும், ஆனால் நீங்கள் காலவரம்பின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமை வேண்டும். நிரல் களஞ்சியம் முதல் நாளிலிருந்தே உங்கள் கணக்கில். மென்பொருள் உரிமங்களும் உங்கள் பெயரில். போர்டு செய்தால் கெர்பர் கோப்பு மட்டும் வாங்கிக்கொண்டு திருப்திப்படாதீர்கள், அது அச்சடிக்கத்தான் உதவும், திருத்த உதவாது. கிகேடு அல்லது ஆல்டியம் மூலக்கோப்பு வேண்டும். ஃபர்ம்வேருக்கு மூல நிரல், கம்பைலரின் பதிப்பு எண், சிப்பில் ஏற்றும் முறை மூன்றும் வேண்டும்.

ஏற்புச் சோதனையை வேலை தொடங்கும் முன் எழுதுங்கள், முடிந்த பிறகல்ல. ஒவ்வொரு சேனலுக்கும் காலிபிரேட்டரால் 0, 25, 50, 75, 100 சதவீதம் ஏற்றியும் இறக்கியும் கொடுத்து, ஒவ்வொரு புள்ளியும் அட்டவணையில் உள்ள பிழை எல்லைக்குள் இருக்க வேண்டும். காலிபிரேட்டரின் பிழை, சேனலுக்கு அனுமதித்த பிழையில் கால் பங்குக்கு மிகாமல் இருக்கட்டும். பிறகு 72 மணி நேர ஓட்டம், ஒரு சாம்பிள்கூடத் தவறக் கூடாது. இங்கே ஒரு நுணுக்கம். சாம்பிள் எண்ணிக்கையைக் கணினியின் கடிகாரத்தோடு ஒப்பிட்டுக் குறைகிறது என்று சண்டை போடாதீர்கள். 50 பிபிஎம் விலகலே 72 மணியில் 13 வினாடி வரும். கார்டு தானே சொல்லும் மொத்த எண்ணிக்கையோடு கோப்பில் உள்ளதை ஒப்பிடுங்கள்.

அதன் பிறகு கொடுமைப்படுத்தும் பகுதி. யூஎஸ்பியைப் பிடுங்குங்கள். வட்டை நிரப்பிவிடுங்கள். பதிவின் நடுவில் மின்சாரத்தை அணையுங்கள். தெர்மோகப்பிளைக் கழற்றுங்கள்: திரையில் 0 டிகிரியோ அறை வெப்பநிலையோ காட்டினால் தேறவில்லை, "இணைப்பு இல்லை" என்றுதான் காட்ட வேண்டும். 4–20 மில்லிஆம்பியர் சேனலில் கம்பியை அறுத்தால் 0 மில்லிஆம்பியர் வரும், அதை அளவீடாக எடுத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். நள்ளிரவைத் தாண்டி ஓடவிடுங்கள். கணினியின் வட்டார அமைப்பில் தசமப் புள்ளியைக் காற்புள்ளியாக மாற்றிப் பாருங்கள். சிஎஸ்வி எழுதும் பல நிரல்கள் அதில்தான் விழும். யூஎஸ்பி சீரியல் கேபிளை வேறு துளையில் செருகினால் காம் போர்ட் எண் மாறும், நிரல் கருவியைக் கண்டுபிடிக்கிறதா? "ஸ்டார் ஐடிஎன்" (நீ யார் என்று கருவியிடம் கேட்கும் கட்டளை) அனுப்பி, பதிலில் வரும் சீரியல் எண்ணை வைத்து அடையாளம் காண வேண்டும். விண்டோஸ் புதுப்பிப்பு நடுராத்திரியில் மறுதொடக்கம் செய்வதும், யூஎஸ்பி துளையைத் தூங்க வைப்பதும் அணைக்கப்பட்டிருக்க வேண்டும். இதை யார் செய்வது என்றும் ஒப்பந்தத்தில் ஒரு வரி.

ஒப்படைக்கும் நாளில் எதுவும் நிறுவாத ஒரு கணினியை மேசையில் வையுங்கள். கான்ட்ராக்டர் பக்கத்தில் உட்காரட்டும், விசைப்பலகை உங்கள் ஆளிடம் இருக்கட்டும். கொடுத்த ஆவணத்தை மட்டும் பார்த்து, களஞ்சியத்திலிருந்து மூல நிரலை இறக்கி, டிரைவர்களை நிறுவி, நிரலைக் கட்டி, ஒரு சேனலைப் பதிவு செய்து காட்ட வேண்டும். ஆவணத்தில் இல்லாத எதையாவது அவர் வாயால் சொல்ல வேண்டி வந்தால், அந்த இடத்தில் நிறுத்தி, அதை ஆவணத்தில் அவரையே எழுதச் சொல்லிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். மூன்றாவது தவணை அன்று மாலை.